நிழலில்லா நாளில் ஏன் நடக்கிறோம்?

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் நடுவில் சென்னையிலிருந்து இரண்டு பயணங்கள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஒன்று நாம் அனைவரும் அறிந்தது. காவி உடுத்தி, கழுத்தில் செபமாலை அணிந்து, அன்னையின் சிறு தேரை இழுத்துக்கொண்டு வேளாங்கண்ணி நோக்கி நடக்கும் நம் மக்களின் பயணம் அது. மற்றொன்றை நாம் கவனிப்பதில்லை. அது கதிரவனின் பயணம். ஆகஸ்டு 18-ஆம் நாளை ஒட்டி, நண்பகலில் கதிரவன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கிறான். நட்டுவைத்த கோலுக்கும் அன்று நண்பகலில் நிழல் விழுவதில்லை. அறிவியலார் அதனை ‘நிழலில்லா நாள்’ என்பர். அங்கிருந்து அவன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வீதம் தெற்கே நகர்ந்து, ஆகஸ்டு 25-ஆம் நாளை ஒட்டி நாகப்பட்டினத்தின் உச்சியை அடைகிறான். நம் நடைப்பயணிகளின் வேகமும் ஏறக்குறைய அதுவே. 29-ஆம் நாள் கொடியேற்றத்தைக் கண்ணாரக் காணவேண்டும் என்று 20-ஆம் நாளை ஒட்டிப் புறப்படுகிறவர், வழிநெடுகக் கதிரவனின் நேர்க்கீழேயே நடக்கிறார். ஆண்டில் இருமுறை மட்டுமே நம் தலைக்கு நேரே வரும் அவனை, அவ்விரண்டில் ஒருமுறை நாமே தேடிச்சென்று துணைக்கு அழைத்துக்கொள்கிறோம்.

இப்பருவத்தை நமக்கு யார் தேர்ந்துகொடுத்தது? உண்மையில் யாரும் தேர்ந்துகொடுக்கவில்லை. செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. எருசலேமில் தோன்றி, ஏழாம் நூற்றாண்டில் உரோமையிலும் நிலைபெற்ற விழா அது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் அந்நாளிலேயே வேளாங்கண்ணிக் கரையை அடைந்தனர் என்பது நம் மரபு. விழாவின் நாள் இவ்வாறு அமைந்தது. அந்நாளுக்குள் வந்துசேர மக்கள் நடந்தார்கள். நடந்த பருவமே நடக்கவேண்டிய பருவம் என்றாகிவிட்டது. எருசலேமில் விழாவை நிறுவியவர்கள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஆகஸ்டு வெயில் எப்படி அடிக்கும் என்று எண்ணிப்பார்த்திருக்க முடியாது. எண்ணிப்பார்க்க வேண்டியவர்கள் நாம். நாமோ எண்ணுவதையே நம்பிக்கைக் குறைவு என்று கருதுகிறோம். “அன்னை அழைக்கிறாள், போகிறோம், இதில் பருவம் என்ன, காலம் என்ன?” என்று கேட்பவர் நம் பங்குகளில் ஏராளம். அந்தக் கேள்விக்கு மறுப்பாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். விழாவுக்கு வருவது வேறு. நடந்து வருவது வேறு. விழாவுக்கு இரயிலில் வாருங்கள். நடப்பதற்குத் தையிலும் மாசியிலும் வாருங்கள். நாம் சொல்லவருவது இவ்வளவே.

நாமும் அவ்வழியே நடந்தவர்கள். ஆகவே, நிழலில் அமர்ந்து வெயிலில் நடப்பவரைக் குறைகூறுவதாக எவரும் எண்ணவேண்டாம். மாமல்லபுரத்தைக் கடந்து மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் நமக்குப் பழக்கம். மரக்காணத்துக்கு அப்பால் ஒரு காலைவேளை. மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. நேர்ச்சையின்படி வெறுங்காலுடன் வந்த மூதாட்டி ஒருவர், சாலையோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும் பாதம் பதித்து, கம்பிமேல் நடப்பவரைப்போல் நடந்துகொண்டிருந்தார். காரணம் கேட்டோம். “கறுப்புல கால் வைக்க முடியல தம்பி. வெள்ளைக் கோடு கொஞ்சம் பரவாயில்ல” என்றார். வெண்மை வெப்பத்தைக் குறைவாக உள்வாங்கும் என்பதை அவருக்கு எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. அவருடைய பாதங்கள் கற்பித்தன. ஆனால் அந்த வெள்ளைக் கோடு எங்கே இருக்கிறது? ஊர்திகள் உரசிச் செல்லும் விளிம்பில் இருக்கிறது. வெயிலிலிருந்து தப்பக் கால் தேடிய அந்த நான்கு விரற்கடை இடம், சக்கரத்துக்கு மிக அருகில் இருந்தது. நம் வாதம் முழுவதும் அந்த மூதாட்டியின் பாதத்தில் அடங்கியிருக்கிறது.

நாகப்பட்டினக் கரையில் ஆகஸ்டுத் திங்களின் உச்ச வெப்பம் சராசரியாக 35 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும். கடற்கரை ஈரம் அதனோடு சேரும்போது வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தார்ச்சாலையின் சூடோ காற்றின் சூட்டைவிடப் பல பாகை மிகுதி. முன்பு நிழல் தந்த புளியமரங்கள் பலவற்றைச் சாலை விரிவாக்கம் கொண்டுபோய்விட்டது. இந்நிலையில் நடைப்பயணி என்ன செய்வார்? பகலில் எங்கேனும் பந்தலில், பாலத்தடியில், கடைத் திண்ணையில் முடங்கிக் கிடப்பார். வெயில் தாழ்ந்தபின் எழுந்து இரவெல்லாம் நடப்பார். அறிவுடைய செயல்தான். ஆனால் அந்த அறிவே அவரைப் பெரிய ஆபத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. இரவு இரண்டு மணிக்கு உறக்கம் கண்ணைச் சுழற்றும். நடப்பவரையும் சுழற்றும், சரக்குந்து ஓட்டுபவரையும் சுழற்றும். காவி உடை புனிதமானது. ஆனால் இருளில் காவியும் கறுப்பே. ஆகஸ்டு வெயில் நம் மக்களைப் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. அது அவர்களை இரவுக்குள் துரத்துகிறது. மற்றதை இரவு பார்த்துக்கொள்கிறது.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்கிறது நடுவண் அரசின் அறிக்கை. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அவர்கள் எல்லாரும் திருப்பயணிகள் அல்லர். ஆனால் திருப்பயணி சாலையில் கால் வைக்கும்போது அந்தக் கணக்குக்குள்ளும் கால் வைக்கிறார். நடைப்பயணக் குழுவின்மீது ஊர்தி மோதியது என்னும் செய்தியை விழாக்காலத்தில் ஒருமுறையேனும் படிக்காத வாசகர் நம்மிடையே இருக்கமாட்டார். அப்போது நாம் என்ன சொல்கிறோம்? “அன்னை தம்மிடம் அழைத்துக்கொண்டார்” என்கிறோம். கண்ணீரோடு சொல்லும் ஆறுதல் மொழி அது; குறைகூறமாட்டோம். ஆயினும் ஓட்டுநரின் உறக்கத்துக்கும் நம் திட்டமின்மைக்கும் இறைத்திருவுளம் என்று பெயர் சூட்டுவது அன்னைக்கு நாம் செய்யும் பெருமையாகாது. ஆரோக்கிய அன்னை என்று அழைத்துவிட்டு, ஆரோக்கியத்தைச் சாலையில் பறிகொடுக்க அவரே விரும்பினார் என்று சொல்வது எவ்வகைப் பக்தி?

இனி, நம்மோடு வாதிடுவோரின் மறுப்புகளுக்கு வருவோம்.

“திருவிழாவுக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டேன், நேர்ச்சையை மாற்றலாமா?” என்பது முதல் மறுப்பு. இதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நோயுற்ற குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து ஒரு தாய் சொன்ன சொல் அது. ஆனால் அந்தத் தாயின்மீது அவர் எண்ணும் அளவுக்குப் பாரத்தைத் திருச்சபை ஏற்றவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1191-ஆம் சட்டம், இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து இறைவனுக்கு அளிக்கும் வாக்கே நேர்ச்சை என்று வரையறுக்கிறது. 1196-ஆம் சட்டத்தின்படி, தக்க காரணம் இருப்பின் தனியார் நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கே உண்டு. அதற்கும் ஒரு படி மேலே செல்கிறது 1197-ஆம் சட்டம். தனியாக நேர்ந்துகொண்ட ஒன்றை, அதற்கு இணையான அல்லது அதனினும் மேலான நன்மையாக, நேர்ந்துகொண்டவர் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது அது. அதே சாலை, அதே தொலைவு, அதே செபமாலை. மாறுவது திங்கள் மட்டுமே. இது இணையான நன்மை அன்று என்று யார் சொல்வார்? அதற்கு ஆயரின் கையொப்பமும் வேண்டாம். சட்டம் திறந்துவைத்த கதவை நம் மக்களுக்கு நாம் சுட்டிக்காட்டவில்லை. குற்றம் நேர்ந்துகொண்டவருடையது அன்று. சொல்லாமல் விட்ட நம்முடையது.

“துன்பம் இல்லாமல் தவம் ஏது?” என்பது இரண்டாவது மறுப்பு. தவத்தை நாம் மறுக்கவில்லை. முந்நூறு கிலோமீட்டர் நடப்பது தையிலும் தவமே. கொப்புளம் திங்கள் பார்த்து வருவதில்லை. முழங்கால் நாள் பார்த்து வலிப்பதில்லை. ஆனால் தேடிச்செல்லும் ஆபத்து தவமாகாது. ஆலய உச்சியிலிருந்து குதித்துக் காட்டு, வானதூதர் தாங்குவர் என்று ஆண்டவரிடம் சொன்னவன் யார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆண்டவர் குதிக்கவில்லை. அவரும் நடைப்பயணிதாம், கலிலேயாவுக்கும் யூதேயாவுக்கும் இடையே நடந்தே பயணம் செய்தார். சமாரியா வழியே சென்றபோது, நண்பகலில் களைப்புற்றுக் கிணற்றோரம் அமர்ந்தார் என்று யோவான் எழுதுகிறார். நண்பகலில் இறைமகன் அமர்ந்தார், நாம் நடக்கிறோம். எருசலேமின் அழிவைக் குறித்துப் பேசியபோதும், தப்பியோடும் நாள் குளிர்காலத்தில் நேராதிருக்க மன்றாடுமாறு சீடர்களுக்குச் சொல்லிவைத்தார். உலகையே உலுக்கும் நாளைப் பற்றிப் பேசும்போதுகூடப் பருவத்தை நினைத்துப் பார்த்த ஆண்டவரின் சீடர்கள், பருவத்தை நினைப்பது நம்பிக்கைக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

“மரபை மாற்றலாமா?” என்பது மூன்றாவது மறுப்பு. மரபு எதுவென்று சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். இஸ்ரயேல் மக்கள் எருசலேமுக்கு ஏறிச்சென்ற மூன்று பெருவிழாக்களும் அறுவடையோடு இணைந்தவை. இளவேனிலில் பாஸ்கா, கோதுமை அறுவடையில் பெந்தகோஸ்து, விளைச்சலைச் சேர்த்தபின் கூடாரப் பெருவிழா. நடுங்கவைக்கும் குளிர்கால மழையில் மக்களை அவர்கள் மலையேறச் சொல்லவில்லை. யூதர்களின் மிஷ்னா என்னும் தொகுப்பில் மனத்தை நெகிழவைக்கும் செய்தி ஒன்று உண்டு. கூடாரப் பெருவிழா முடிந்ததும் மழைக்காலம் தொடங்கும். நிலத்துக்கு மழை வேண்டும். மழைக்காக மன்றாடுவது கடமை. ஆயினும் விழா முடிந்து பதினைந்து நாள்வரை அந்த மன்றாட்டைத் தள்ளிவையுங்கள் என்றார் இரபி கமாலியேல். திரும்பிச் செல்லும் திருப்பயணிகளுள் கடைசி மனிதரும் யூப்பிரத்தீசு ஆற்றை அடையட்டும் என்பதே அவர் சொன்ன காரணம். எங்கோ சேற்றில் நடக்கும் முகமறியா ஒருவருக்காக, ஒரு நாடு தன் மழை வேண்டலை நிறுத்திவைத்தது. மரபு என்று நாம் பேச விரும்பினால், இந்த மரபைப் பேசுவோம்.

நம் திருச்சபையின் மரபு வேறொன்றைச் சொல்கிறதா? தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று அன்போடு அழைக்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறையை நாடி, ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ தே கம்போஸ்தெலாவுக்கு மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறார்கள். அவருடைய விழா ஜூலை 25. ஆனால் விழாவன்று வந்துசேர்ந்தால்தான் பயணம் செல்லும் என்று அங்கே எவரும் சொல்வதில்லை. கடைசி 100 கிலோமீட்டரையேனும் பக்தி நோக்கோடு நடந்து வந்தவர் எந்நாளில் வந்தாலும், அதற்கான சான்றிதழைப் பேராலயம் அளிக்கிறது. 2023-இல் மட்டும் 4,40,000 பேருக்கு மேல் அதனைப் பெற்றார்கள். நிழலற்ற மெசேத்தாச் சமவெளியின் கோடை வெயிலுக்கு அஞ்சி, மே திங்களையும் செப்டம்பரையும் விரும்பித் தேர்பவர் ஏராளம். பிரனீசு மலையைக் கடக்கும் உயரமான வழியை நவார்ரா அரசு நவம்பர் 1 முதல் மார்ச்சு 31 வரை மூடியே வைக்கிறது. பனியில் திருப்பயணிகள் வழிதவறி மாண்டதால் வந்த கட்டுப்பாடு அது. அரசு பக்தியைத் தடுக்கிறது என்று அங்கே யாரும் கொடிபிடிக்கவில்லை. தாழ்வான மாற்று வழியில் நடக்கிறார்கள்.

போலந்தைச் சுட்டிக்காட்டுவோரும் உண்டு. வார்சாவிலிருந்து செஸ்தகோவா அன்னையின் திருத்தலத்துக்கு 1711 முதல் நடந்துவரும் மாபெரும் பயணம், ஆகஸ்டு 6-இல் புறப்பட்டு, விண்ணேற்பு விழாவுக்கு முந்திய நாளான 14-இல் சென்றடைகிறது. அவர்களும் விழாவை ஒட்டி ஆகஸ்டில் நடக்கிறார்களே என்பர். உண்மை. ஆனால் போலந்தின் வானில் கதிரவன் ஆண்டின் எந்நாளிலும் தலைக்கு நேரே வருவதில்லை. அவர்களுடைய ஆகஸ்டு நடப்பதற்கு ஏற்ற ஆகஸ்டு. அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியது திங்களின் பெயரை அன்று. தம் மண்ணின் பருவத்தோடு பொருந்தி நடக்கும் அறிவை. அவ்வறிவைக் காண வார்சாவரை போகவும் வேண்டா. நம் பக்கத்து வீட்டு இந்து அன்பர்கள் பழனிக்கு நடப்பது தைப்பூசத்துக்கு. செட்டிநாட்டிலிருந்து காவடியோடு புறப்படுவோர் தைத் திங்களின் இளவெயிலில் நடந்து, முழுநிலவில் போய்ச்சேர்கிறார்கள். இம்மண் நடப்பதற்கென்று வைத்திருக்கும் பருவம் அது. நாமும் இம்மண்ணின் மக்களே.

வேறு பருவங்களையும் எண்ணிப்பார்த்தோம். சித்திரை, வைகாசியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி நடுவரை வடகிழக்குப் பருவமழை. நாகைக் கரையின் மழையில் பெரும்பங்கு அப்போதுதான் பொழிகிறது. 1977 நவம்பரில் நாகையைத் தாக்கிய புயலையும், 2018 நவம்பர் 16-இல் வந்த கஜாவையும் அக்கரை மறக்கவில்லை. மழை ஓய்ந்து, வெயில் ஏறுமுன் உள்ள தையும் மாசியுமே எஞ்சுகின்றன. சனவரியில் பகல் வெப்பம் பொதுவாக 30 பாகைக்குள் அடங்கும். காலை ஆறரை முதல் பதினொன்றுவரை, மாலை மூன்று முதல் ஆறுவரை வெளிச்சத்திலேயே நடந்து, நாளுக்கு முப்பது கிலோமீட்டரைத் தொடலாம். இரவு உறங்குவதற்கு மட்டுமே. குறை இல்லாத பருவம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று முன்னோர் சொல்லிவைத்தார்கள். ஆகவே திறந்தவெளியில் படுக்க இயலாது, கூரை வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாகச் சனவரி 28-இல் மூடுவார்கள். அதன்பின் வாய்க்கால்களில் நீர் வற்றும், குடிநீருக்கும் குளிக்கவும் ஏற்பாடு வேண்டும். சம்பா அறுவடையின்போது சில ஊர்களில் சாலையிலேயே நெல்லைக் காயவைத்திருப்பார்கள். விலகி நடக்க வேண்டும். இவையெல்லாம் ஏற்பாட்டால் தீரும் குறைகள். ஆகஸ்டு வெயிலுக்கு என்ன ஏற்பாடு செய்வது?

பருவம் பார்த்து நடந்தால் தீங்கே வராது என்று நாம் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்கள் பலரைக் கடல் கொண்டுபோயிற்று. எந்த நாட்காட்டியும் அதைச் சொல்லவில்லை. எவராலும் முன்னறிந்திருக்க முடியவில்லை. அத்தகைய நாளில்தான் மனிதர் இறைவனின் மறைபொருளுக்கு முன் வாய்மூடி நிற்கவேண்டும். ஆண்டுதோறும் நாள் தவறாமல் வரும் வெயிலைக் குறித்தும், இருண்ட சாலையைக் குறித்தும் அவ்வாறு வாய்மூடி நிற்பது பணிவன்று, கவனக்குறைவு.

கடைசி மறுப்பு ஒன்று உண்டு. அதற்கு மட்டும் நம்மிடம் முழுமையான விடை இல்லை. “எங்களுக்கு அப்போதுதான் விடுப்பு கிடைக்கும்” என்கிறார் தினக்கூலி உழைப்பாளி. ஊரோடு, தெருவோடு, நண்பர் குழுவோடு புறப்படும்போது முதலாளியும் மறுக்கத் தயங்குகிறார்; தனியே தையில் பத்து நாள் கேட்டால் வேலையே போய்விடலாம். பொங்கல் விடுமுறையை ஒட்டிப் புறப்பட்டாலும் முழுத் தொலைவுக்கு அது போதாது. ஏழையின் பருவத்தை வானம் தீர்மானிப்பதில்லை, முதலாளி தீர்மானிக்கிறார் என்பது கசப்பான உண்மை. தஞ்சையிலிருந்தோ கடலூரிலிருந்தோ தொடங்கி, கிடைக்கும் நாளுக்குள் அடங்கும் தொலைவை நடக்கலாம், அதுவும் திருப்பயணமே. அதற்கும் இயலாதவர் ஆகஸ்டில் நடக்கத்தான் செய்வார். அவரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. காக்கும் கடமை மட்டுமே உண்டு. முன்பகல் பதினொன்று முதல் மாலை மூன்றரைவரை நடக்கவிடாமல், வழியிலுள்ள பங்குகள் ஆலய மண்டபங்களைத் திறந்து அமர்த்தட்டும். இரவில் நடந்தே தீரவேண்டிய குழுவில் ஒவ்வொருவரும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை அணியட்டும். எதிரே வரும் ஊர்தி கண்ணில் படுமாறு, சாலையின் வலப்புறமாக ஒற்றை வரிசையில் செல்லட்டும்.

மறைமாவட்டங்களிடமும் பங்குகளிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. ஜூன், ஜூலைத் திங்கள்களில் ஞாயிறு அறிவிப்புகளோடு ஒன்றாக, நேர்ச்சையை மாற்றிக்கொள்ளத் திருச்சபை தரும் உரிமையை மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தையிலும் மாசியிலும் நடந்து வருவோர் இரவு தங்க, வழியிலுள்ள பங்குகளின் பள்ளி வகுப்பறைகளைத் திறந்துவிடுங்கள். இரவில் அவை வெறுமையாகத்தானே கிடக்கின்றன. பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அளித்த விழா. பிப்ரவரி 11, லூர்து அன்னையின் விழா. நடந்து வந்தவர்களுக்கென்று அந்நாள்களில் திருத்தலத்தில் தனித் திருப்பலியும் ஆசியும் இருந்தால், “விழாவும் இல்லை, வரவேற்பும் இல்லை” என்னும் குறை மறையும். அப்போதும் சிலர் ஆகஸ்டில்தான் வருவார்கள். ஆனால் அறியாமையால் வருபவர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறையும். அது போதும்.

அந்த மூதாட்டியை மீண்டும் நினைக்கிறோம். தைத் திங்களின் தொடக்கத்தில் அவர் அதே சாலையில் நடந்தால், ஐந்தடி உயரமுள்ள அவருக்கு நண்பகலிலும் மூன்றடி நீளத்துக்கு நிழல் விழும். தெற்கு நோக்கி நடப்பவரின் நிழல் அப்போது வடக்கே, அவருக்குப் பின்னால் விழும். பின்னே பேரப்பிள்ளை ஒன்று வந்தால், அதன் பாதங்கள் பாட்டியின் நிழலில் இருக்கும். வெள்ளைக் கோட்டைத் தேடி அவர் சாலையின் விளிம்புக்குப் போகவேண்டியிராது.